தோப்பில் நின்ற டாட்ஜ்

வில்பிரட் ஓமானில் உள்ள சலாலாவுக்கு வந்த மறுநாளே அந்த வண்டியைப் பார்த்துவிட்டான். அவன் மனைவி ஜெபராணி டியூட்டி முடிந்து மத்தியானம் வீடு திரும்பியபோது உள்ளே ஆள் இல்லை. பின்வாசலில் நின்று கூப்பிட்டாள். தென்னைகளுக்கு நடுவே, தரைக்குள்ளிருந்து வருவதுபோலப் பதில் வந்தது.

"இங்க கிடக்கேன் பிள்ள."

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். விமானத்துக்காக வாங்கிய வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கத் துரு.

"அச்சு ஒண்ணும் ஆகல. பிரேம் இரும்பு என்ன கனம் பாரு. நம்ம போட்டுக்குக்கூட இப்படி இரும்பு போடமாட்டான்" என்றான். நேற்று இரவு சாப்பிடும்போதுகூட அவன் இவ்வளவு பேசவில்லை.

அது டாட்ஜ் பவர் வேகன். அமெரிக்காவில் செய்தது. ஐம்பதுகளில் எண்ணெய் தேடி வந்தவர்கள் பாலைவனத்தில் ஓட்டி, போகும்போது தோப்புக்காரர் மூசாவுக்கு விற்றுவிட்டுப் போன பிக்கப். மூக்கு நீளம். மட்கார்டு இரண்டும் சுமைதூக்குகிறவனின் தோள்போலப் புடைத்திருக்கும். முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய விஞ்ச். மூசாவின் தென்னந்தோப்பில் அது நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மலையில் சுல்தான் படையும் கலகக்காரர்களும் சண்டை போட்ட காலம் முழுக்க அங்கேயே நின்றது. சண்டை முடிந்து ஒரு வருஷமாகியும் அங்கேதான் நின்றது. சீட்டில் கோழிகள் குடியிருந்தன.

தோப்பின் ஓரத்தில் இருந்த இரண்டு அறை வீடும் மூசாவுடையதுதான். புருஷன் வருகிறான் என்று ஜெபராணி சொன்ன பிறகு ஆஸ்பத்திரி அதை வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தது. அவள் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸ். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் மூன்றை இங்கேதான் கழித்தாள். வில்பிரட் தூத்துக்குடியில் விசைப்படகு என்ஜின் மெக்கானிக். இருவரும் சேர்ந்திருந்தது லீவுக்கு லீவு. எத்தனையோ தடவை கேட்டு, இந்த ஜனவரியில்தான் அவனுக்குக் குடும்ப விசா கிடைத்தது. அவள் விசாவில், அவளைச் சார்ந்தவன் என்று.

சார்ந்தவன் இங்கே வேலை பார்க்கக் கூடாது.

அது காகிதத்தில் படித்தபோது பெரிதாகத் தெரியவில்லை. வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. காலையில் ஆஸ்பத்திரி வேன் வந்து ஹாரன் அடிக்கும். அவள் ஏறிப் போவாள். அவன் வாசலில் நிற்பான். வேனில் இருப்பவர்களுக்கு அவன் பெயர் தெரியாது. "சிஸ்டர் வீட்டுக்காரர்" என்பார்கள்.

"ஏட்டி, உன் வீட்டுக்காரரு என்ன செய்யாவ?" என்று வார்டு நர்ஸ் தேவகனி முதல் வாரமே கேட்டாள்.

"கம்பெனில லீவு போட்டு வந்திருக்காவ" என்றாள் ஜெபராணி.

"நீளமான லீவா இருக்கே."

ஜெபராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பேச்சு எப்போதுமே கொஞ்சம். பொய் சொன்ன அன்று இன்னும் கொஞ்சமாகிவிட்டது. அவன் மனம் நோகக் கூடாது என்பதுதான் அவளுக்கு அந்த நாள்களில் பெரிய வேலையாக இருந்தது. அவன் கை நீட்டிக் கேட்கும்படி ஆகக் கூடாது என்று சம்பளப் பணத்தை அலமாரியில் திறந்த டப்பாவில் போட்டு வைத்தாள். அவன் தொடவில்லை. சிகரெட்டை விட்டுவிட்டான்.

மூசாவிடம் வண்டியைப் பற்றி அவனே போய்ப் பேசினான். மூசா சின்ன வயதில் கப்பலோட்டியவர். பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு பம்பாய்வரை பாய்மரத்தில் போனவர். அந்தத் துறைமுகத்து ஹிந்தி இன்னும் வாயில் இருந்தது. வில்பிரட்டுக்கு குஜராத்தில் வேராவல் பக்கம் போட்டில் இருந்த இரண்டு சீசனில் கிடைத்த ஹிந்தி. இரண்டு ஓட்டை ஹிந்தியும் சேர்ந்து ஒரு முழு ஒப்பந்தத்தைப் பேசி முடித்தன.

"ஓட வைக்கணும். காயப்போட்ட மத்தி மீன மிர்பாத் கடக்கரைல ஏத்திக்கிட்டு மலைமேல மாட்டுக்காரங்களுக்குக் கொண்டு போடணுமாம். அங்க மாட்டுக்குத் தீனியே அதுதானாம். மத்த வண்டி அந்த ஏத்தம் ஏறாதாம், இது ஏறுமாம்" என்று வந்து சொன்னான். "ஓடுனா அவரே கஃபீலா, எனக்கு ஜாமீன் முதலாளியா நிக்காரு. என் பேருல வேலை விசா."

"நல்லது" என்றாள்.

"மழை வர்றதுக்குள்ள முடிக்கணும். சாரல் விழுந்தா மலைப்பாதை வழுக்கும், மத்தியும் முடிஞ்சிரும்." கொஞ்ச நேரம் கையில் இருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஊர்ல தேவதாஸ் முதலாளி ஜூன் கடைசிவரைக்கும் போட்டுல எனக்கு எடம் வச்சிருப்பாரு. இது ஓடலன்னா நான் போயிருதேன் பிள்ள. உன் சோத்தத் தின்னுட்டு இங்க உக்காந்திருக்க என்னால முடியாது."

"உங்க இஷ்டம்" என்றாள் ஜெபராணி.

போகாதே என்று சொல்லியிருந்தால் அவன் அதற்காக இருப்பான்; இருந்து இருந்து வாடிப்போவான் என்று நினைத்தாள். அதனால் சொல்லவில்லை. அவன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனான்.

கோழிகளை வெளியேற்றுவதற்கே இரண்டு நாளாயிற்று. அவை திரும்பத் திரும்ப வந்து சீட்டில் உட்கார்ந்தன. என்ஜினில் பிஸ்டன்கள் உள்ளே துருப்பிடித்து ஒட்டியிருந்தன. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து மேலே ஊற்றிவிட்டுத் தினமும் காலையில் போய் என்ஜினைச் சுற்றும் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பான். ஒரு நாள் அது அரை விரல் அசைந்தது. டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளுக்கு அசைந்ததாகத் தெரியவில்லை. "ஆமா" என்றாள்.

அவன் டீசல் என்ஜினிலேயே வளர்ந்தவன். பெட்ரோல் என்ஜினை அவன் மதிக்கவில்லை.

"காத்த நல்லா அழுத்துனா தானே சூடாகும், தானே எரியும். இந்த அமெரிக்காக்காரனுக்கு அந்தப் பொறுமை இல்ல பாரு. தீப்பொறி குடுத்து எரிக்கான்."

தீப்பொறிக்கு வேண்டிய ஆறு வோல்ட் பேட்டரி சலாலாவில் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றின் நடுவில் கம்பி கொடுத்துப் பாதியை மட்டும் எடுத்தான். கேஸ்கெட்டுகளை அட்டையில் வெட்டினான். பிஸ்டன் வளையங்களை மட்டும் மஸ்கட்டில் சொல்லிவைத்து, ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் கௌஸ் முகைதீன் வாங்கிவந்து கொடுத்தார். அவர் காயல்பட்டினத்துக்காரர். எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். வரும்போதெல்லாம் தோப்பில் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்.

"என்ன மாப்ள, மய்யித்துக்கு எப்போ உசிரு குடுக்கப் போறீர்?"

"நீங்க மய்யித்துத் தூக்குற சந்தாக்கோட தயாரா இருங்க காக்கா. யாருக்குத் தேவைப்படும்னு பாப்போம்."

சாயங்காலங்களில் ஜெபராணி முறத்தில் அரிசியோ பருப்போ எடுத்துக்கொண்டு வண்டியருகே வந்து உட்காருவாள். தூசு பிடித்த வெளிச்சத்தில் அவன் முதுகு அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில சமயம் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள். கேட்கும் முன்பே எது என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. தியேட்டரிலும் அவள் வேலை அதுதான். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு நாள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அது நன்றாக இருந்தது.

துடைக்கத் துணி வேண்டும் என்று அவன் கேட்டபோது தன் பழைய யூனிஃபார்ம் ஒன்றைக் கிழித்துப் பன்னிரண்டு துண்டாக்கிக் கொடுத்தாள். அன்று வேலை முடிந்ததும் அவற்றைத் திரும்ப வாங்கி எண்ணினாள்.

"இது என்ன, ஆபரேஷனா பண்ணுதேன்?" என்று சிரித்தான்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கை கேட்கவில்லை. தியேட்டரில் வயிற்றைத் திறப்பதற்கு முன் துணிகளை எண்ண வேண்டும், மூடுவதற்கு முன் மறுபடி எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, எவ்வளவு பெரிய டாக்டரானாலும் தையல் ஊசியைத் தொடக் கூடாது; தேட வேண்டும். ஒருமுறை ஒரு வெள்ளைக்கார சர்ஜன், நீ எண்ணியதுதான் தப்பு என்று கத்தி, கையில் இருந்த இடுக்கியைத் தட்டில் எறிந்தார். கூட்டத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத ஜெபராணி, "ஒண்ணு குறையுது சார்" என்று அதே குரலில் மறுபடி சொன்னாள். அவர் தேடினார். துணி கிடைத்தது. அதற்கு அவர் நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

அதனால் தினமும் துணிகளை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புப் போட்டுக் கொடியில் காயப்போடும்போது மனசுக்குள் எண்ணிக்கொள்வாள். அவன் சிரிக்காதபடி.

மே மாதம் முடியும் தறுவாயில் வால்வு வேலை வந்தது. இந்த என்ஜினில் வால்வுகள் மேலே இல்லை, பக்கத்தில் ஓர் அறைக்குள் இருந்தன. அவற்றைக் கழற்றி மாட்டும்போது நகக்கண் அளவுள்ள பூட்டுத் துண்டுகள் கைநழுவி விழும். விழுந்தால் அறையின் அடியில் எண்ணெய் இறங்குவதற்காக விட்டிருக்கும் துளைகள் வழியே கீழே சம்ப்புக்கு, அதாவது எண்ணெய் தேங்கும் தொட்டிக்குப் போய்விடும். அதனால் அந்தத் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். அதை அவனே அவளுக்கு விளக்கினான். வியாழக்கிழமை அவளுக்குச் சாயங்கால டியூட்டி. அவள் இல்லாதபோது வால்வுகளை மாட்டி, அறையை மூடி, எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டான். மறுநாள் வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிந்து மூசா வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

வெள்ளி காலை ஒரு குடல்வால் கேஸ். அதை முடித்து அவள் வீடு வர மத்தியானமாகிவிட்டது. வில்பிரட் குளித்து, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அவள் கொடியில் இருந்த துணிகளை எடுத்தாள். கருவிப் பெட்டியில் கிடந்தவற்றையும் எடுத்தாள். பதினொன்று.

மறுபடி எண்ணினாள். பெட்டியைக் கவிழ்த்தாள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தென்னை மூட்டில் மூசாவின் ஆடு ஒன்று ஒரு சிமெண்டுப் பையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. இந்த ஊர் ஆடுகள் அட்டைப்பெட்டி தின்னும், காகிதம் தின்னும். துணியும் தின்னும். போன வாரம் ஒரு ஆடு தேவகனியின் தலையணை உறையில் பாதியைத் தின்றிருந்தது.

ஆடுதான் தின்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

"பிள்ள, காலர் சரியா இருக்கா?" என்று அவன் வாசலுக்கு வந்து கேட்டான். மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அவன் காலரைப் பற்றி அவளிடம் கேட்டதில்லை.

"சரியா இருக்கு" என்றாள். பதினொரு துணியையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

மூசா தம்பிமார் இருவரோடு வந்தார். கௌஸ் காக்கா ஓட்டுவதற்கு வந்தார்; வில்பிரட்டிடம் லைசென்ஸ் கிடையாது. ரோட்டில் ஓடும் எதையும் அவன் ஓட்டியதே இல்லை. அது ஏற்கெனவே பேசிச் சிரித்து முடித்த விஷயம்.

"பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு மாப்ள. நங்கூரம் இல்ல. ஞாபகம் வச்சுக்கும்" என்றார் காக்கா இன்றும்.

வில்பிரட் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சொருகிச் சுற்றினான். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினான். ஒரு தும்மல். மூன்றாம் தடவை என்ஜின் பிடித்துக்கொண்டது. முதலில் புகை, பிறகு இருமல், பிறகு ஒரே சீரான சத்தம். தென்னையில் இருந்த காகங்கள் எழுந்து போயின. மூசா கைத்தடியைத் தூக்கி அரபியில் ஏதோ சொன்னார். அவர் தம்பிமார் மட்கார்டைத் தட்டினார்கள், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல.

ஜெபராணி வில்பிரட்டின் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு முகம் அவனுக்கு உண்டு என்பதையே அவள் மறந்திருந்தாள். இப்போது எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். மூசா போன பிறகு சொல்லலாம். ஆடுதான் தின்றிருக்கும்.

"தாக்காவரைக்கும் போய்ட்டு வருவோம். யல்லா" என்றார் மூசா. தாக்கா கடலோரச் சின்ன ஊர், இருபது மைல். அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தம்பிமார் பின்னால் ஏறினார்கள். வில்பிரட் பக்கவாட்டுப் படியில் ஒரு காலை வைத்து, ஜன்னல் வழியே ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றான். காக்கா கிளட்சை மிதித்து கியரைத் தேடினார்.

"காக்கா, நிப்பாட்டுங்க."

யார் சொன்னது என்று எல்லாரும் திரும்பினார்கள். அவளுக்கே யார் சொன்னது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"என்ன பிள்ள?" என்றான் வில்பிரட்.

"துணி ஒண்ணு குறையுது."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் அது இப்போது வெறும் வாயில் மட்டும் இருந்தது.

"ஆடு தின்னிருக்கும்."

"இருக்கலாம். ஆனா எண்ணிக்கை சரியில்ல."

மூசா காக்காவிடம் என்னவென்று கேட்டார். காக்கா வேறு வழியில்லாமல் ஹிந்தியில் சொன்னார். மூசாவின் தம்பிமாரில் ஒருவர் பின்னாலிருந்து சிரித்தார்.

"துணி காணலன்னு வண்டிய நிறுத்துறாளா?" என்றார் மூசா. "கடையில வேற துணி கிடைக்கும்னு சொல்லு. நான் வாங்கித் தர்றேன்."

"பிரஷர் நல்லாத்தான் இருக்கு" என்றான் வில்பிரட், யாரிடம் என்று இல்லாமல். மறுபடி முள்ளைப் பார்த்தான். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான்.

தோப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது.

மூசா இறங்க நேரமெடுத்தது. அவருக்கு முழங்கால் வலி. இறங்கியபின் வில்பிரட்டைப் பார்த்து, "இன்னிக்கு ஓடும்னு நீதான் சொன்ன, பாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்று கையைத் தட்டிவிட்டு நடந்தார். தம்பிமார் பின்னால் போனார்கள். காக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, "நான் அப்புறமா வர்றேன் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என்ஜின் ஆறுவதற்கு அவன் காத்திருந்தான். நல்ல சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். பிறகு வால்வு அறையின் மூடிகளைக் கழற்றினான். அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். துளைகள் சுத்தமாகத் திறந்திருந்தன. துணி இல்லை.

விசா, மூசா, மூன்று மாத வேலை எல்லாம் ஒரு ஆட்டின் வயிற்றில் போய்விட்டது.

"ஆடுதான் போல" என்றாள்.

அவன் ஒரு தகரத்தைக் கீழே வைத்து எண்ணெய் முழுவதையும் வடித்தான். மல்லாந்து படுத்து சம்ப்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சம்ப்பைக் கீழே இறக்கினான்.

"இங்க வா."

அவள் தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள். எண்ணெயை உறிஞ்சும் சல்லடையின் வாயில் துணி சப்பென்று ஒட்டியிருந்தது. பாதி மூடியிருந்தது. அவளுடைய யூனிஃபார்மின் கைமடிப்பு, தையல்கூடத் தெரிந்தது. அடைத்து வைத்த துளை வழியாகவே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது.

"தாக்கா எங்க போய்ச் சேர. அஞ்சு மைலு தாண்டியிருக்காது" என்றான். "எண்ணெய் ஏறாம பேரிங் எல்லாம் உருகியிருக்கும். நடு ரோட்டுல, அவரையும் வச்சிக்கிட்டு."

அவளுக்குப் பெருமூச்சு வந்தது. சிரிக்கக்கூடத் தோன்றியது. அவன் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான். துணியைக் கையில் பிடித்திருந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"என்னது?"

"ஒண்ணு குறையுதுன்னு."

"நீங்க சட்டை மாத்தும்போது."

"காலர் சரியா இருக்கான்னு கேட்டேனே, அப்பயா?"

"ஆமா."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஆடு தின்னிருக்கும்னு..."

"தியேட்டர்ல இப்படித்தான் நிப்பியா பிள்ள? டாக்டரு மூஞ்சியப் பாத்துட்டு, பாவம் சந்தோஷமா இருக்காருன்னு வாய மூடிட்டு நிப்பியா?"

"மாட்டேன்."

"எனக்கு மட்டும் ஏன்?"

அவன் சத்தம் போடவில்லை; தரையைப் பார்த்தே பேசினான்.

"மூசாக்கு முன்னால சொன்னியே, அது எனக்கு ஒண்ணும் இல்ல. சரியாத்தான் சொன்ன. அதுக்கு முன்னால சொல்லாம நின்ன பாரு, அதுதான். வந்த நாள்ள இருந்து நீ எனக்கு இப்படித்தான் செய்யுத. கம்பெனில லீவு போட்டு வந்திருக்கேன்னு வேன்ல சொன்னியாமே. தேவகனி எங்கிட்டயே கேட்டா, எந்தக் கம்பெனின்னு. நான் என்ன சொல்ல? பணத்தத் திறந்து வச்சிட்டுப் போற. ஊருக்குப் போறேன்னு சொன்னா உங்க இஷ்டம்ங்குத. ரோகியப் பாக்கது மாதிரிப் பாக்க என்னைய. ரோகிகிட்டத்தான் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க."

கோழி ஒன்று வண்டிக்குள் ஏறப் பார்த்தது. அவன் அதை விரட்டவில்லை.

இவ்வளவு நாளும் அவன் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டதாக ஜெபராணி நினைத்திருந்தாள். அந்தப் பார்த்துக்கொள்ளல்தான் அவனை நோகடித்துக்கொண்டிருந்தது.

"காக்காவ விட்டு மூசாகிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லட்டா?" என்று கேட்டாள். கேட்ட உடனேயே தப்பு என்று தெரிந்துவிட்டது. "வேண்டாம். நீங்களே பாத்துக்கோங்க."

"பாத்துக்கிடுதேன்" என்றான்.

மறுநாள் அவள் டியூட்டியில் இருந்தபோது அவன் என்ஜினை மறுபடி மூடினான். அதற்கு அடுத்த நாள் காலையில், வேன் வருவதற்கு முன்பே, அந்த எண்ணெய்த் துணியை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு மூசாவின் வீட்டுக்கு நடந்தான். போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னான். அவள் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. வேனில் தேவகனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமை உங்க தோப்புல என்ன கூத்து? கௌஸ் காக்கா சொன்னாவ."

"அவுக வண்டி என்ஜின்ல துணிய விட்டுட்டாவ. நான் பாத்து நிப்பாட்டுனேன்" என்றாள் ஜெபராணி. பிறகு, "அவுக எந்தக் கம்பெனிலயும் லீவு போடல. இங்க வேலை தேடுதாவ" என்றாள்.

தேவகனி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கென்னட்டி" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இதற்கா இவ்வளவு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம் என்று ஜெபராணிக்கு இருந்தது.

சாயங்காலம் அவள் திரும்பியபோது அவன் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். வானம் கடல் பக்கம் வெளுத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் சாரல் தொடங்கிவிடும் என்று ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவள் பையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"துணியக் காட்டுனேன். நான்தான் விட்டேன், என் பொண்டாட்டி எண்ணிப் பாத்துச் சொன்னா, இல்லன்னா உம்ம என்ஜின் போயிருக்கும்னு சொன்னேன். துணிய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. காப்பி குடுத்தாரு. ஒரு மணி நேரம் பம்பாயப் பத்தியே பேசுனாரு."

"விசா?"

"அத இப்பப் பேசமாட்டாராம். மழைக்கு முன்னால மிர்பாத்துல இருந்து ரெண்டு நடை மத்தி அடிச்சுக் காட்டணும். வண்டி எங்கயும் நிக்கக் கூடாது. மழை முடிஞ்ச பொறகு பாப்போம்ங்காரு."

"மழை முடியணும்னா செப்டம்பர் ஆகுமே."

"ஆமா. தேவதாஸ் முதலாளி அதுவரைக்கும் எடத்த வச்சிருக்கமாட்டாரு." விரல் இடுக்கில் இருந்த கிரீஸை ஒரு குச்சியால் சுரண்டினான். "மூசா தருவாருன்னும் சொல்ல முடியாது. தரமாட்டாருன்னும் சொல்ல முடியாது. அதுவும் இல்ல இதுவும் இல்லன்னு ஆனாலும் ஆகும். நீ என்ன சொல்லுத?"

"உங்க" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள்.

அவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

தியேட்டரில் சொல்வதற்குச் சட்டம் இருந்தது. இங்கே இல்லை. அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போகாதீங்க. மூணு வருஷம் தனியா இருந்துட்டேன். டியூட்டி முடிஞ்சு வந்து ஒரு மனுஷன்கூடப் பேசாமத் தூங்கியிருக்கேன். இனிமே எனக்கு முடியாது. விசா வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. வேலை இல்லாம இருந்தாலும் இருங்க. அது உங்களுக்குக் கஷ்டம்னு தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

இவ்வளவு நீளமாக அவள் அவனிடம் பேசியதே இல்லை. முடித்தபோது காது மடல் சூடாகியிருந்தது.

அவன் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"இதச் சொல்ல இத்தனை நாளா பிள்ள?"

"நீங்க கேக்கலல்லா."

"கேக்க மாதிரியா நீ இருந்த?"

அவன் எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினான்.

"தபாலாபீஸ் காலைல எத்தனை மணிக்குத் திறப்பான்?"

"எதுக்கு?"

"முதலாளிக்குத் தந்தி குடுக்கணும்."

"என்னன்னு குடுப்பீங்க?"

"வரலன்னு" என்றான் வில்பிரட். "வேற என்னன்னு குடுக்க?"